முதலில் கடலடியை வரைவோம்: நமது கற்பனை உலக வரைபடக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நமது கூட்டுக் கற்பனை உலகத்தின் வரைபடத்தைப் பொறுப்பெடுத்து நடத்தும் அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும், அதில் ஆளுக்கொரு நாடு எடுத்து ஆறும் ஊரும் வரைந்துகொண்டிருக்கும் எல்லோருக்கும்,

வணக்கம். திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு நிலம் ஒதுக்குவதைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வையுங்கள். அந்த இடைவெளியில் நாம் எல்லோரும் சேர்ந்து இந்த உலகத்தின் கடலடியை வரைந்து முடிப்போம். கரைக்கோடு இருக்கிறது, மலை இருக்கிறது, அரச வம்சங்கள்கூட வந்துவிட்டன, ஆனால் கடல் மட்டும் அடியில் ஒன்றுமே இல்லாதது போல ஒரே நீலமாகக் கிடக்கிறது. குழுவுக்குள் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை அந்த வெறும் நீலத்தில் இருந்துதான் வருகின்றன என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

நிலத்தை மட்டும் பார்த்து ஒரு கோளின் வரலாற்றைச் சொல்ல முடியாது. கண்டப் பாறை இலேசானது, ஒருமுறை உருவானால் பெரும்பாலும் அமிழாமல் மிதந்துகொண்டே இருக்கும், உடையும், திரும்ப ஒட்டும், மடியும், தேயும். நம் பூமியில் 4,000 மில்லியன் ஆண்டு பழைய கண்டத் துண்டுகள்கூட உண்டு. கடலடி அப்படி அல்ல. அது நடுக்கடல் மலைத்தொடரில் புதிதாகப் பிறக்கிறது, இரண்டு பக்கமும் விலகிப் போகிறது, போகப் போக ஆறிக் கனக்கிறது, கடைசியில் ஏதோ ஓர் அகழியில், அதாவது கடலடியின் ஆழமான நீண்ட பள்ளத்தில், திரும்ப உள்ளே இறங்கிவிடுகிறது. அதனால்தான் பூமியின் கடலடியில் 200 மில்லியன் ஆண்டுக்கு மேற்பட்ட பாறை கிட்டத்தட்டக் கிடையாது. எந்தக் கண்டம் எங்கே இருந்து என்ன வேகத்தில் வந்தது என்ற கணக்கு முழுக்க அங்கேதான் பதிந்திருக்கிறது.

அல்பிரட் வெகெனர் 1912இல் கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னபோது அவர் கையில் கரைகளின் பொருத்தம் இருந்தது, கடலுக்கு இருபுறமும் ஒத்துப்போகும் பாறைகளும் உயிர்ச்சுவடுகளும் இருந்தன. அது போதவில்லை. எது நகர்த்துகிறது என்று அவரால் காட்ட முடியவில்லை, அவர் 1930இல் இறந்து பல ஆண்டுகள் போன பிறகும் பெரும்பாலான புவியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. 1950களில் மேரி தார்ப் என்ற பெண், கப்பல்கள் எடுத்துவந்த ஆழ அளவுகளை மேசையில் பரப்பி வைத்து அத்திலாந்திக்கின் அடியைக் கோடு கோடாக வரைந்தார். பெண்களை ஆய்வுக் கப்பலில் ஏற்றாத காலம் அது. அவருடைய கோடுகளில்தான் நடுக்கடல் மலைத்தொடரின் உச்சி நெடுக ஒரு பிளவு ஓடுவது தெரிந்தது, அப்புறம் 1960களில் கடலடி விரிகிறது என்பதற்குக் காந்தச் சான்றுகளும் சேர்ந்து, மொத்தத் துறையும் திரும்பியது. வரைபடம் வரைகிறவர்களுக்கு இதைவிடப் பெருமையான ஒரு வரலாறு எனக்குத் தெரியாது. நமது உலகம் இன்னும் வெகெனர் நின்ற இடத்தில் நிற்கிறது, கரைகள் மட்டும்தான் நம்மிடம் இருக்கின்றன.

என் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலைத் துறைமுகம் உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். நிலப்படத்தைப் பார்த்தால் காரணம் விளங்காது. கிழக்குக் கரையின் பெரும்பகுதி மணலும் களப்புமாக ஓடிவருகிறது, இங்கே மட்டும் பாறை முனைகள், வளைந்து உள்ளே போகும் குடா. கடலுக்கு அடியைப் பார்த்தால்தான் விளங்கும். கொட்டியாரக் குடாவின் வாசலுக்கே ஒரு பெரிய கடலடிப் பள்ளத்தாக்கு வந்து நிற்கிறது, அங்கிருந்து வெளியே போகப் போக ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலியும் அதே குடாவில்தான் கலக்கிறது. கரைக்கு இவ்வளவு கிட்ட வரும் கடலடிப் பள்ளத்தாக்குகள்தான் ஆற்று மணலை ஆழ்கடலுக்கு இறக்கிவிடும் வழிகள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் இருந்து படகில் போய் நீலத் திமிங்கிலம் பார்த்துவிட்டு வர முடிவதும் ஆழக்கடல் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால்தான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராக இந்தக் குடாவுக்கு ஆசைப்பட்டதும், 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்டதும் இந்த ஆழமான நீருக்காகத்தான். நம் உலகத்தில் துறைமுக நகரங்கள் எங்கே இடம் இருந்ததோ அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன, கடற்படைப் போர்கள் அவற்றைச் சுற்றி எழுதப்பட்டிருக்கின்றன, ஆனால் கப்பல் உள்ளே வருமா தரைதட்டுமா என்று கேட்டால் பதில் சொல்ல வரைபடத்தில் ஒரு கோடும் இல்லை.

இன்னொன்றையும் இந்தக் கடற்கரையில் இருப்பவர் எழுதாமல் விட முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி வந்த அலை எங்கள் ஊரின் எந்த நிலப்படத்திலும் இல்லாத ஓர் இடத்தில் பிறந்தது. பூமியின் மேல்ஓடு தட்டுகள் என்ற பெரிய துண்டுகளாகப் பிரிந்து நகர்கிறது. சுமாத்திராவுக்கு மேற்கே இந்தியத் தட்டு பர்மியத் தட்டுக்குக் கீழே இறங்கும் எல்லையில் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பாறை உடைந்தது. நிலநடுக்கத்தின் மையம் இங்கிருந்து 1,500 கிலோமீற்றருக்கும் அப்பால். அலை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் எங்கள் கரைக்கு வந்துவிட்டது. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். உடைந்த எல்லை வடக்கு தெற்காக நீண்டு கிடந்ததால் அலையின் பலம் முக்கியமாகக் கிழக்கேயும் மேற்கேயும் போனது, அதாவது தாய்லாந்துப் பக்கமும் எங்கள் பக்கமும். வடக்கே இருந்த வங்காளதேசத்துக்கு அவ்வளவு பாதிப்பு வரவில்லை. அலையின் வேகத்தையும் கடலின் ஆழம்தான் முடிவு செய்கிறது, 4,000 மீற்றர் ஆழமான கடலில் அது மணிக்கு 700 கிலோமீற்றர் அளவில் ஓடும். நம் கிழக்குக் கண்டத்தின் மீனவ நாடுகளுக்கு ஆயிரம் ஆண்டு அமைதியான கடற்கரை வரலாறு எழுதப்பட்டிருக்கிறது, அவர்களுக்கு நேர் எதிரே கடலுக்குள் வேறொருவர் எரிமலைத் தீவுகளை வில் போல வளைத்து வரைந்திருக்கிறார். அப்படி ஒரு வில் இருந்தால் அதற்கு வெளிப்புறம் ஓர் அகழி இருந்தே ஆக வேண்டும், அகழி இருந்தால் அங்கே ஒரு தட்டு இறங்குகிறது, இறங்கினால் சில நூற்றாண்டுக்கு ஒருமுறையாவது இப்படி ஓர் அலை வரும். அந்த வரலாற்றை எழுதுகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் அவர் எழுதும் கோயில்களின் இடமும், ஊர்கள் மேட்டில் அமைந்த காரணமும், மூதாதையர் சொல்லிவைத்த எச்சரிக்கையும் எல்லாம் மாறும்.

சரி, என்னத்தை வரைவது? மூன்று விசயம் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். கடல் எங்கே பிறக்கிறது, எங்கே இறங்கி மறைகிறது, இரண்டுக்கும் நடுவில் எந்த இடத்துக்கு என்ன வயது. வேகத்துக்கு ஒரு நல்ல அளவு உண்டு: ஆண்டுக்கு 5 சென்ரிமீற்றர் என்றால் மில்லியன் ஆண்டுக்கு 50 கிலோமீற்றர். இந்தியத் தட்டு இப்போது கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் போகிறது, ஆசியாவோடு மோதுவதற்கு முன்னால் அதன் வேகம் ஆண்டுக்கு 15 சென்ரிமீற்றரையும் தொட்டது. இதை நம் உலகத்தில் போட்டுப் பாருங்கள். வடமேற்குக் கண்டத்துக்கும் கிழக்குக் கண்டத்துக்கும் நடுவே 4,000 கிலோமீற்றர் கடல் இருக்கிறது, அது ஆண்டுக்கு 4 சென்ரிமீற்றர் வீதம் திறந்தது என்றால் 100 மில்லியன் ஆண்டு பழைய கடல். அப்படியானால், அவ்வளவு காலம் பிரிந்திருந்தும் இரண்டு பக்கமும் ஒரே யானையினம் திரிகிறது என்ற குறிப்புக்கு வேறு காரணம் தேட வேண்டும். தேடினால் கிடைக்கும், ஆனால் தேட வேண்டும்.

எரிமலைகள் அகழியின் மேலேயே நிற்பதில்லை. கீழே போகும் தட்டு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஆழத்துக்கு இறங்கிய பிறகுதான் அதற்கு மேலே உள்ள பாறை உருகத் தொடங்குகிறது, அதனால் எரிமலை வரிசை அகழியில் இருந்து நூறு இருநூறு, சில இடத்தில் முந்நூறு கிலோமீற்றர் உள்ளே தள்ளி நிற்கும். தட்டு சரிவாக இறங்கினால் தூரம் கூடும், செங்குத்தாக இறங்கினால் குறையும். இந்த ஒரு விசயத்தைப் பிடித்துக்கொண்டாலே நம் கண்டங்களின் நட்டநடுவில் காரணமில்லாமல் புகைந்துகொண்டிருக்கும் மலைகளுக்கு ஒரு முடிவு சொல்லிவிடலாம்.

தென்கடல் தீவு வரிசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அது நான் வரைகிற பகுதி. அந்தத் தீவுகள் எல்லாம் ஒரே உயரத்தில், எல்லாமே எரிமலையாக இருக்க வேண்டும் என்று ஆரம்பத்தில் முடிவானது. தயவுசெய்து அதைத் திரும்ப யோசியுங்கள். நமக்குப் பக்கத்திலேயே ஓர் அருமையான எடுத்துக்காட்டு கிடக்கிறது. ஏறத்தாழ 66 மில்லியன் ஆண்டுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பாகக் கொட்டிய அதே வெப்பப் புள்ளி (பூமிக்குள் இருந்து சூடு ஒரே இடத்தில் மேலெழும் இடம்), இந்தியத் தட்டு வடக்கே நகர நகர, இலட்சத்தீவு, மாலைதீவு, சாகோஸ், மொரிசியஸ் என்று ஒரு தடத்தை விட்டுவிட்டு இன்றைக்கு ரீயூனியன் தீவில் எரிந்துகொண்டிருக்கிறது. விளக்குச் சுடருக்கு மேலே ஓர் ஓலையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் கருகல் எப்படி வரிசையாக விழுமோ அப்படி. ஆனால் அந்த வரிசையில் வயது போகப் போகத் தீவு தேய்கிறது, அமிழ்கிறது, மேலே பவளம் வளர்கிறது. ரீயூனியனின் உச்சி 3,000 மீற்றருக்கு மேல், மாலைதீவில் ஒரு தென்னைமரம்தான் உயரம். நம் தென்கடல் வரிசையும் அப்படியே ஒரு முனையில் எரிமலையாகத் தொடங்கி மறுமுனையில் பவளத் திட்டாக முடியட்டும். அப்போது அதைப் பார்க்கும் எவருக்கும் அந்தத் தட்டு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கேட்காமலே தெரியும், அந்த ஒரு வரிசையை வைத்தே மற்றத் தட்டுகளின் திசையையும் சரிபார்க்கலாம்.

இதற்கு எதிர்ப்பக்கமாகவும் ஓர் எச்சரிக்கை. தட்டு எல்லை இல்லாத இடத்தில் இருக்கும் மலைகளை எல்லாம் அழித்துவிட வேண்டும் என்று சிலர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். இலங்கைக்குள் எந்தத் தட்டு எல்லையும் ஓடவில்லை, ஆனாலும் பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. மலைநாட்டின் பாறைகள் ஏறத்தாழ 550 மில்லியன் ஆண்டுக்கு முன் கண்டங்கள் மோதிக் கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவான காலத்தில், ஆழத்தில் வெந்து உருமாறியவை, அப்போது எங்களுக்கு அயலில் இருந்தது அந்தாட்டிக்கா. கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் அப்படித்தான். வெந்நீர் என்றவுடன் எரிமலை என்று நினைக்கிறோம், இங்கே எரிமலையே கிடையாது, மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி அங்கே சூடாகி வேறு வெடிப்பு வழியே மேலே வருகிறது, அவ்வளவுதான். ஆகவே பழைய மலை பழைய மலையாக இருக்கலாம், உயரம் குறைந்து, முனை மழுங்கி, ஆறுகள் ஆழமாக வெட்டியதாக வரையுங்கள், பக்கத்தில் எந்தக் காலத்து மோதல் என்று ஒரு குறிப்பும் போட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே உழைத்தவர்களின் வேலையை அழிக்காமல் அதற்குக் காரணம் கண்டுபிடிப்பது அநேகமாக எப்போதும் முடியும். வடக்கே ஒரு கரை அளவுகோல் வைத்துக் கீறினது போல நேராக இருக்கிறது என்று குறை சொன்னார்கள். ஆபிரிக்காவில் கானா, ஐவரிகோஸ்ட் கரை, இரண்டு தட்டுகள் பக்கவாட்டில் உரசிப் பிரிந்த இடம், அப்படி ஒன்றாக இதையும் வைத்துக்கொள்ளலாம். கண்டத்தின் நடுவே ஒடுக்கமாக, நம்ப முடியாத ஆழத்தில் ஓர் ஏரி இருக்கிறதா? நிலம் பிளக்கத் தொடங்கிய பள்ளமாக அதை ஆக்குங்கள், தங்கனீக்கா ஏரி 1,400 மீற்றருக்கும் கூடிய ஆழம். பெரும்பாலான ஆறுகள் உட்பக்கம் போக, ஒன்று மட்டும் மலையை ஊடறுத்துக் கடலுக்கு வருகிறதா? சட்லெஜ் ஆறு இமயம் எழும்புவதற்கு முன்னிருந்தே ஓடுகிறது, மலை எழ எழ அது வெட்டிக்கொண்டே வந்தது. ஒரே ஏரியில் இருந்து இரண்டு கடலுக்கு இரண்டு ஆறு போவதை மட்டும் விட்டுவிடுவோம், ஒரு வழி கொஞ்சம் கூட வெட்டுப்பட்டாலும் தண்ணீர் எல்லாம் அந்தப் பக்கமே போய்விடும்.

மழையைப் பற்றிய சண்டைதான் எனக்கு எல்லாவற்றிலும் கவலை தந்தது, இரண்டு நல்ல ஆட்கள் அதனால் கதைக்காமல் இருக்கிறார்கள். வடமேற்குக் கண்டத்தில் ஒருவர் 5,000 மீற்றர் மலைத்தொடரை எழுப்பினார், அதற்குக் கிழக்கே மற்றவர் வரைந்த நாட்டில் மழைக்காடும் நெல்வயலும். அந்த அகலாங்கில் காற்று மேற்கில் இருந்து வருகிறது. இதன் விளைவு என்ன என்று எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் வந்து நின்றால் உடம்பே சொல்லும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையை எல்லாம் கொட்டிவிட்டு எங்கள் பக்கம் இறங்கும்போது அது கச்சான் காற்று, வெக்கையும் புழுதியும்தான். எங்களுக்கு மழை கார்த்திகை, மார்கழியில், அது வேறு திசையில் இருந்து வருவதால் வருகிறது. ஒருவர் எழுப்புகிற மலை இன்னொருவரின் விளைச்சல். ஆகவே ஒரு விதி கேட்கிறேன்: 2,000 மீற்றருக்கு மேல் யார் மலை எழுப்பினாலும், காற்று போகும் பக்கத்தில் இருக்கும் நாட்டுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டும். அந்தக் கிழக்கு நாட்டு நண்பருக்கும் ஒன்று சொல்கிறேன், உங்கள் நெல்லை விட வேண்டாம். எங்கள் வறண்ட பக்கத்தில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் நெல் விளைந்திருக்கிறது, கந்தளாய்க் குளம் போன்ற குளங்களைக் கட்டி. மழை குறைந்த நாட்டுக்குக் குளம் கட்டும் அரசர்களும், நீர்ப் பங்கீட்டுச் சட்டமும், வாய்க்கால் காவலும், குளம் உடைத்த பகையும் வரும். மழைக்காட்டை வைத்து நீங்கள் எழுதியதைவிட அது வளமான கதையாக இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கண்டமேடையின், அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடியின், ஆழமும் இப்படித்தான் ஒரு சண்டையைத் தீர்க்கும். ஏறத்தாழ 20,000 ஆண்டுக்கு முன் பூமியின் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீற்றர் அளவில் தாழ்ந்திருந்தது, பாக்கு நீரிணை அப்போது தரை, நடந்தே வரலாம். அதே காலத்தில் திருகோணமலைப் பக்கம் கடல் கொஞ்சம்தான் பின்வாங்கியிருக்கும், இங்கே சரிவு அவ்வளவு செங்குத்து. நம் உலகத்தில் எந்த மக்கள் எந்தத் தீவுக்கு நடந்து வந்தார்கள், எவர் தோணியில் வந்தார்கள் என்ற விவாதம் கடலின் ஆழம் தெரியாமல் எப்படி முடியும்?

வேலைமுறை பற்றிச் சுருக்கமாக. தட்டையான தாளில் தட்டுகளை நகர்த்தாதீர்கள், துருவத்துக்குக் கிட்ட எல்லாம் வீங்கிவிடும், மெர்க்காட்டர் என்ற வழக்கமான தட்டை உலகப் படத்தில் ஆபிரிக்காவுக்குக் கிட்டத்தட்டச் சமமாகத் தெரியும் கிறீன்லாந்து உண்மையில் அதில் பதினான்கில் ஒரு பங்குதான். கோளத்தின் மேல் ஒரு தட்டு நகர்வது என்றால் ஏதோ ஓர் அச்சைச் சுற்றிச் சுழல்வது. அதனால் ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அம்புக்குறி போதாது, சுழலும் புள்ளி ஒன்றைக் குறிக்க வேண்டும், அந்தப் புள்ளிக்குக் கிட்ட நகர்வு குறைவாகவும் தள்ளித் தள்ளிப் போகக் கூடுதலாகவும் இருக்கும். ஜிபிளேட்ஸ் என்ற இலவச மென்பொருள் இதைக் கோளத்தின் மேலேயே செய்கிறது, புவியியல் ஆய்வாளர்கள் பயன்படுத்துவதும் அதுதான். பழக நாள் எடுக்கும், தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும்.

கற்பனைதானே, இதற்கு ஏன் இவ்வளவு விஞ்ஞானம் என்று கேட்பவர்களுக்கு மரியாதையோடு ஒரு பதில். தனியாக ஒருவர் உலகம் செய்தால் அவர் விருப்பம், மலை மிதக்கட்டும், ஆறு மேலே ஓடட்டும். நம் உலகத்திலும் மந்திரமும் பறக்கும் மிருகமும் இருக்கின்றன, எனக்கு அவை பிடிக்கும். ஆனால் பலர் ஒரே நிலத்தில் வேலை செய்யும்போது, இரண்டு பேருக்கு நடுவே கருத்து வேறுபட்டால் யார் சொல்வது நிற்கும்? இப்போது மூத்தவர் சொல்வது, அல்லது கூடக் கதைப்பவர் சொல்வது நிற்கிறது. தட்டும் காற்றும் ஆழமும் வரைந்திருந்தால் நேற்றுச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவி வரைபடத்தைக் காட்டி, இந்தக் காரணத்தால் இங்கே பாலைவனம் வரும் என்று சொல்லலாம், அதை எல்லோரும் ஏற்றே ஆக வேண்டும். உங்கள் மேல் இருக்கும் தீர்ப்புச் சொல்லும் பாரமும் அதோடு குறையும்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுங்கள். நில ஒதுக்கீட்டை நிறுத்துவது, மலை விதி, கடலடிக்கு ஒரு தனி அடுக்கு, இந்த மூன்றுக்கும் வாக்கெடுப்பு வையுங்கள். தென்கடலை முழுக்க, அகழி, மலைத்தொடர், வயதுக் கோடுகளோடு நான் வரைந்து தருகிறேன். கிழக்குக் கடலை அந்த எரிமலை வில்லை வரைந்தவரும் மீனவ நாடுகளை எழுதுகிறவரும் சேர்ந்து எடுத்தால் நல்லது. வடதுருவக் கடலுக்கு இன்னும் ஆள் இல்லை, கோள வடிவக் கணக்கு தெரிந்தவர் யாராவது அதை எடுப்பீர்கள் என்றால் கூட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள், தட்டு எல்லைகளை இரண்டு பக்கமும் பொருத்திக்கொண்டே வரைய வேண்டும்.

அன்புடன்,
தென்கடல் தீவுகளை வரைபவர்
உப்புவெளி, திருகோணமலை